வீட்டு வண்டியும் விடுதலையும்

விடுதலை என்னும் சொல்லை நாம் பலகாலும் வழங்குகிறோம். நாட்டு விடுதலை, சமூக விடுதலை, பெண் விடுதலை என்று மேடைதோறும் பேசுகிறோம். ஆயினும் அச்சொல்லின் பொருள் யாதென ஒருவர் நம்மை நிறுத்திக் கேட்பாராயின், நம்மிற் பெரும்பாலோர் கூறும் விடை ஒன்றாகவே இருக்கும்: பிறர் தயவு வேண்டாத நிலையே விடுதலை. எவரையும் எதிர்பாராமல், எவருடைய உத்தரவுக்கும் காத்திராமல், நினைத்த பொழுதில் நினைத்த இடத்துக்குச் செல்லக்கூடியவன் எவனோ அவனே விடுதலை பெற்றவன் என்று நாமும் நெடுங்காலம் எண்ணியிருந்தோம். அவ்வெண்ணத்தை ஒரே ஒரு நாட் பிரயாணம் குலைத்துவிட்டது. அந்நாளின் வரலாறு பெரிய வரலாறன்று. கேட்போர் நகைக்கவுங் கூடும். எனினும் அது நம்மைச் சிந்திக்க வைத்தமையால், வாசகர்கள் முன் வைக்கிறோம்.

சென்ற ஆண்டு நாமும், நம் துணைவியாரும், எழுபதைக் கடந்த நம் அன்னையாரும், தமக்கையார் மகனும் ஆக நால்வர் நியூசிலாந்தின் தென்தீவைக் காணச் சென்றோம். நம் நாட்டைப் போலவே அங்கும் வண்டிகள் சாலையின் இடப்புறமாக ஓடுகின்றன. ஆதலால் மலேசியரும் சிங்கப்பூரரும் அங்கே தாமே வண்டியோட்டிச் செல்வது வழக்கமாகிவிட்டது. மருமகன், மோட்டார்ஹோம் எனப்படும் வீட்டு வண்டி ஒன்றை ஒரு வாரத்துக்கு வாடகைக்கு அமர்த்தினான். அதனுள் படுக்கை உண்டு, அடுப்பு உண்டு, குளிர்ப்பெட்டி உண்டு, தண்ணீர்க் குழாயும் சிறு கழிப்பிடமும் உண்டு. ஓட்டல்காரனைத் தேட வேண்டா, இரயில் நேரம் பார்க்க வேண்டா, சோற்றுக்கு எவர் வாயிலிலும் நிற்க வேண்டா. "இதுதான் மாமா, உண்மையான விடுதலை" என்றான் அவன். நாமும் ஆமென்று தலையசைத்தோம்.

மூன்றாம் நாள் வானக்கா என்னும் ஏரிக்கரை ஊரிலிருந்து புறப்பட்டு, ஹாஸ்ட் கணவாய் வழியாக மேலைக் கடற்கரையை அடைந்து, பாக்ஸ் பனியாற்றுச் சிற்றூரில் தங்குவதென ஏற்பாடு. தொலைவு ஏறத்தாழ 260 கிலோமீட்டர். காலை ஏழு மணிக்குப் புறப்பட்டால் நண்பகலுக்குள் சேர்ந்து, பனியாற்றைப் பார்த்துவிட்டு, மாலையில் அமைதியாகத் தேநீர் அருந்தலாம் என்று கணக்கிட்டோம். கணக்கெல்லாம் தாளிற் செம்மையாகவே இருந்தது.

முதற் சோதனை முகாம் வாயிலிலேயே வந்தது. இரவில் வண்டிக்கு மின்சாரம் ஊட்டிய கம்பியைக் கழற்ற மறந்து வண்டியை நகர்த்திவிட்டோம். அண்டை வண்டியிலிருந்த முதியவர் ஒருவர் காலில் செருப்புமின்றி ஓடிவந்து, கூவி, பக்கப் பலகையில் ஓங்கித் தட்டி நிறுத்தினார். இன்னும் ஒரு முழம் நகர்ந்திருந்தால் கம்பி அறுந்திருக்கும். அவருக்கு நாம் நன்றி கூறினோமா? இல்லை. வண்டியை இப்படித் தட்டுகிறாரே என்று முகஞ்சுளித்தோம். பின்னர் முதல் வளைவிலேயே, தாழிடாத பலகைக் கதவு திறந்துகொள்ள, இரண்டு கிண்ணங்கள் உடைந்தன. பருப்பு டப்பா கவிழ்ந்து வண்டியெங்கும் பருப்பு உருண்டது. தாழிடவேண்டியது யார் பொறுப்பு என்பதைப் பற்றி அரைமணி நேரம் வழக்கு நடந்தது.

அதன்பின் மலை வந்தது. ஹாஸ்ட் கணவாய் 562 மீட்டர் உயரம். தென் ஆல்ப்ஸ் மலைத்தொடரைச் சாலை கடக்கும் கணவாய்களுள் இதுவே தாழ்ந்தது. டாஸ்மான் கடலிலிருந்து வரும் மேல்காற்று அம்மலைகளில் மோதி மேலைச் சரிவிலே ஓயாத மழையாகப் பொழிகின்றது. ஊறிய மண்ணும் நொறுங்கும் பாறையும் அடிக்கடி சரிகின்றன. அவ்வழி மேலைக் கடற்கரைச் சாலையோடு முழுமையாக இணைக்கப்பட்டதே 1965-ஆம் ஆண்டில்தான். கணவாயைத் தாண்டிச் சிறிது தூரம் இறங்கியதும் வண்டிகள் வரிசையாக நிற்கக் கண்டோம். முன்னே மஞ்சள் மேலாடை அணிந்த தொழிலாளி ஒருவர் "நில்" என்னும் பலகையை ஊன்றிக்கொண்டு மழையில் நின்றிருந்தார். மேலே சரிந்த பாறைகளை அகற்றுகிறார்களாம்.

அரைமணி கடந்தது, ஒரு மணியும் கடந்தது. கைப்பேசியில் ஒலியலை இல்லை. வண்டிக்குள் ஈர ஆடை நாற்றம். நமக்குப் பொறுமை போயிற்று. குடையுடன் இறங்கிச் சென்று அத்தொழிலாளியிடம், ஒரு நாளைக்கு இவ்வண்டிக்கு நாம் கொடுக்கும் வாடகை இவ்வளவு, எங்கள் பொழுதை வீணாக்க உமக்கு யார் அதிகாரம் தந்தார் என்று கேட்டோம். குரல் உயர்ந்திருந்தது என்பதையும் மறைக்க மாட்டோம். அவர் கோபிக்கவில்லை. "மேலிருந்து சேதி வரும்வரை விடமுடியாது, ஐயா, வருந்துகிறேன்" என்று மட்டும் சொன்னார். அவருடைய தொப்பி விளிம்பிலிருந்து நீர் வடிந்துகொண்டிருந்தது. காலை முதல் அவர் அங்கேயே நிற்கிறார் என்பது அப்பொழுது நம் கண்ணிற் படவில்லை. பலகை ஒன்றுதான் பட்டது.

ஒன்றரை மணிக்குப்பின் வழி திறந்தது. இதற்குள் கழிவுப் பெட்டி நிறைந்துவிட்டதென்பதைக் காட்டும் சிவப்பு விளக்கு எரியத் தொடங்கியது. வீட்டு வண்டியின் கழிப்பிடத்துக்கு அடியில் ஒரு பெட்டி இருக்கிறது. அது நிறைந்ததும் கழற்றி, அதற்கென அமைத்த இடத்திற் கொண்டுபோய்க் கவிழ்த்துக் கழுவ வேண்டும். முதலிரு நாளும் அதனை ஒருவர் மீது ஒருவர் தள்ளி ஒத்திவைத்திருந்தோம். வழியிற் கண்ட ஓர் இடத்தில் "பழுது" என்று அட்டை தொங்கிற்று. ஹாஸ்ட் ஆற்றின் மீதுள்ள பாலம் 700 மீட்டருக்கு மேல் நீளமானது. ஒரு வண்டி மட்டும் செல்லத்தக்க ஒற்றைப் பாதை. அங்கும் எதிர்வண்டிக்காகக் காத்தோம். பனியாற்றூரைச் சேரும் முன்பே அந்திப்பொழுது ஆகிவிட்டது. வழியில் ஒரு முகாமில் ஒதுங்கினோம். கதவைத் திறந்ததும் மணல் ஈக்கள் கூட்டமாக நுழைந்து கையையும் கழுத்தையும் பதம்பார்த்தன. துணைவியார் அரிசி களையும்பொழுது குழாய் இருமுறை இருமி நின்றுவிட்டது. தொட்டியில் தண்ணீர் தீர்ந்தது. எஞ்சியிருந்தது அந்தப் பெட்டி ஒன்றுதான்.

"நீ போய்க் கொட்டிவிட்டு வா" என்று மருமகனிடம் சொன்னோம். தான் நாளெல்லாம் வண்டி ஓட்டியதாக அவன் சொன்னான். துணைவியார் தம் சமையல் வேலையைச் சுட்டினார். நாமோ வாடகைப் பணத்தில் பெரும் பங்கு நம்முடையதென்று கூறினோம். சொல்லுக்குச் சொல் வளர்ந்தது. நால்வர் கழிவையும் தொடத் துணியாத மூவர், ஒருவரையொருவர் சோம்பேறியென்றும் தன்னலக்காரரென்றும் தூற்றிக்கொண்டோம். இவ்வளவில் வண்டியின் பின்புறம் ஏதோ ஓசை கேட்டது. சென்று பார்த்தால், நம் அன்னையார் கையுறை மாட்டிக்கொண்டு, அந்தப் பெட்டியின் கைப்பிடியை இழுத்துக்கொண்டிருந்தார்.

நாம் பதறிச் சென்று தடுத்தோம். அவர் நம்மை நிமிர்ந்து பார்த்து, "இது நம்ம வீட்டுதுதானே? இதுக்கு ஏன் இத்தனை சண்டை?" என்றார். பெட்டியை நாம் எடுத்துக்கொண்டோம். கழிவிடம் வரை கைவிளக்குடன் அவர் உடன் வந்தார். வழியில், கேட்காமலே ஒன்று சொன்னார். அவர் பிறந்து வளர்ந்தது இரப்பர் தோட்டத்து லயத்தில். அந்நாளில் அங்கே வாளிக் கழிப்பிடந்தான். விடியுமுன் ஒருவர் வந்து வாளிகளை எடுத்துச் செல்வாராம். "அந்த ஆளை ஆறு வயசிலேர்ந்து பார்த்திருக்கேன். திண்ணையில உட்காரச் சொன்னதில்ல. எங்கம்மா தண்ணி குடுத்தாகூட எட்ட நின்னு ஊத்துவாங்க. அவரு பேரு என்னன்னு இன்னிவரைக்கும் எனக்குத் தெரியாது" என்றார். அதற்குமேல் அவரும் பேசவில்லை, நாமும் பேசவில்லை. பெட்டியைக் கவிழ்த்துக் கழுவினோம். ஐந்து நிமிஷ வேலை. அதற்காக ஒரு மணி நேரம் சண்டையிட்டிருந்தோம்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. அந்நாளின் தொல்லைகளை ஒன்றன்பின் ஒன்றாக எண்ணிப் பார்த்தோம். அவற்றுள் நம் பகைவர் செய்தது ஒன்றேனும் உண்டா? இல்லை. தண்ணீர் தீர்ந்தது, மின்கம்பி, தாழ்ப்பாள், கழிவு: இவை யாவும் நம் ஊர் வீட்டிலும் நாள்தோறும் உள்ளவைதாம். ஆனால் அங்கே குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது. அதனை அனுப்புவோரை நாம் கண்டதில்லை. விசையை அழுத்தினால் விளக்கெரிகிறது. கம்பத்தில் ஏறியவரை அறியோம். நீரை ஊற்றினால் கழிவு மறைகிறது. அது எங்கே போகிறது, யார் கையாற் போகிறது என்று கேட்டதில்லை. வீடு என்று நாம் சொல்வது கண்ணுக்குத் தெரியாத பல நூறு கைகள் தாங்கி நிற்கும் பல்லக்கு. வீட்டு வண்டியில் ஏறியவுடன் அந்தக் கைகளிற் பல விலகிக்கொண்டன. சுமை நம் தோளுக்கு வந்தது. தோள் வலித்தவுடன் நாம் சினந்தோம். நம்மை அன்று வருத்தியது புதிய துன்பமன்று. பிறர் இதுகாறும் நமக்காகத் தாங்கிய பழைய துன்பமே.

எவரையும் சாராத வாழ்வு என்று போற்றப்படுவனவற்றையும் சற்று ஆராய்தல் வேண்டும். அமெரிக்க அறிஞர் தோரோ 1845-இல் வால்டன் குளக்கரையில் தம் கையாலேயே குடிசை கட்டி, தனியே இரண்டாண்டுக்கு மேல் வாழ்ந்தார். தனித்து நிற்றலுக்கு அவரையே உலகம் சான்றாகக் காட்டுகிறது. ஆனால் அவர் குடிசை நின்ற நிலம் அவருடைய நண்பர் எமர்சனுடையது. மரம் வெட்டிய கோடரியும் இரவல் வாங்கியதே. இதனை அவரே மறைக்காமல் எழுதியிருக்கிறார். வாங்கியதினும் கூர்மையாக்கித் திருப்பிக் கொடுத்ததாகவும் சொல்கிறார். இரவலின்றி வாழ்ந்த மனிதன் இல்லை. இரவலை மறந்தவன் உண்டு. அதனை மதித்துத் திருப்பியவனும் உண்டு. இவ்விருவருக்கும் இடையேதான் வேற்றுமை காணவேண்டும்.

நியூசிலாந்துச் சட்டத்திலும் இதற்கொரு குறிப்பு இருக்கிறது. விடுதிக் கட்டணமின்றிப் பொது நிலங்களில் வண்டியை நிறுத்தித் தங்குவதை அங்கே "சுதந்திர முகாம்" என்கின்றனர். இதனை ஒழுங்கு செய்ய 2011-இல் ஒரு சட்டம் வந்தது; 2023-இல் அது மேலும் இறுக்கப்பட்டது. தன் நீரையும் தன் கழிவையும் குறைந்தது மூன்று நாள் தன்னுள்ளேயே தாங்கத்தக்க வண்டியே சான்று பெறும். எடுத்து வைக்கும் கழிப்பிடம் போதாது, வண்டியோடு பொருத்தியதாக இருத்தல் வேண்டும். சட்டம் இயற்றியோர் கருதியது ஏரியும் ஆறும் அழுக்காகக் கூடாது என்பதே. நமக்கோ அது ஒரு பெரிய அறநூற் சூத்திரமாகத் தோன்றியது. தன் கழிவைத் தான் சுமக்க ஒருப்படுகிறவனுக்கே அந்நாடு அந்தச் சுதந்திரத்தை வழங்குகிறது.

இவ்விடத்தில் ஒரு தடை எழலாம். "எல்லாரும் எல்லா வேலையும் செய்ய இயலுமா? தொழிற்பிரிவு இன்றி நாகரிகம் ஏது? கூலி கொடுக்கிறோம்; செய்கிறார்கள்; இதில் குற்றமென்ன?" என்று கேட்பாருளர். தொழிற்பிரிவை நாம் மறுக்கவில்லை. மருத்துவர் மருந்து கொடுக்கட்டும்; தையற்காரர் தைக்கட்டும். ஆனால் எந்த வேலையை நாம் செய்ய மறுக்கிறோமோ, அதே வேலையைச் செய்கிறவரையும் இழிவென்று தள்ளுவது தொழிற்பிரிவாகாது. வேலை பிரிந்ததோடு நில்லாமல் மனிதரும் பிரிந்துபோயினர். சிங்கப்பூரில் வாளிக் கழிவெடுக்கும் முறை 1987-இல்தான் முற்றும் நீங்கிற்று. இந்தியாவில் மனிதர் கையால் மலமள்ளுவதைத் தடுக்க 1993-இலும், மீண்டும் 2013-இலும் சட்டம் இயற்ற நேர்ந்தது. இன்னும் பாதாளச் சாக்கடைகளில் இறங்கி மாய்வோர் உளர். கூலி கொடுத்துவிட்டோம் என்பது கணக்கை முடிக்குமாயின், நம் அன்னையார் இத்தனை ஆண்டுக்குப் பின்னும் ஒருவர் பெயரை அறியாமைக்கு வருந்த வேண்டுவதில்லை.

மற்றொரு பிழையும் உண்டு. அது சீர்திருத்தம் பேசுவோர்க்கே உரியது. 1898-ஆம் ஆண்டில் காந்தியடிகள் டர்பன் நகரில் வழக்கறிஞராயிருந்தபொழுது, வீட்டில் தங்கிய எழுத்தர்களின் சிறுநீர்க் கலங்களை வீட்டாரே அகற்றும் வழக்கம் வைத்திருந்தார். பஞ்சமர் குலத்துப் பெற்றோர்க்குப் பிறந்த ஓர் எழுத்தரின் கலத்தைக் கஸ்தூரிபா அம்மையார் கண்ணீருடன் எடுத்துச் சென்றார். எடுத்தது போதாது, முகமலர்ச்சியோடு எடுக்க வேண்டும் என்று கணவர் அதட்டினார். அம்மையாரைக் கையைப் பிடித்து வாயில்வரை இழுத்தும் சென்றார். இதனைத் தம் வெட்கத்துக்குரிய செயலாகப் பிற்காலத்தில் அவரே தம் வரலாற்றில் எழுதி வைத்தார். கொள்கை நல்லதே, ஆயினும் மனைவியை ஆளப்பிறந்தவன் தானென்னும் எண்ணம் அக்கொள்கைக்குள் ஒளிந்திருந்தது. நாமும் அன்றிரவு மருமகனை ஏவியது அத்தகையதே. சமத்துவத்தைப் பற்றி எத்தனையோ கட்டுரை எழுதியவர் நாம். பெட்டி நிறைந்தவுடன் வயதிற் சிறியவனைத் தேடினோம்.

இனிச் சினத்தைப் பற்றி ஒரு சொல். சினம் தீது என்று பொதுவாகக் கூறிவிட்டு நாம் செல்ல விரும்பவில்லை. "பொறுத்துக்கொள்" என்னும் உபதேசம் நம் தோட்டத்து முன்னோர்க்கு வேண்டுமட்டும் செய்யப்பட்டது. குறைகூலிக்குப் பொறு, கங்காணியின் வசைக்குப் பொறு, லயத்தின் ஒழுகும் கூரைக்குப் பொறு என்றனர். அப்பொறுமையை அறமென்று நாம் ஒப்போம். அன்று சினந்தெழுந்தவர்களாலேயே இன்று நாம் நிமிர்ந்து நடக்கிறோம். அங்ஙனமாயின், மலைச்சாலையில் நாம் கொண்ட சினமும் அத்தகையதுதானா? இதனை அளந்தறிய ஒரு கோல் உண்டு. என் சினம் எவருடைய சுமையைக் குறைக்கக் கேட்கிறது, எவர் தலையில் ஏற்றக் கேட்கிறது என்று வினவிப் பார்க்க வேண்டும். தோட்டத் தொழிலாளியின் சினம், தன்மீது அநியாயமாக ஏற்றிய சுமையை இறக்கு என்று கேட்டது. நம் சினமோ, நாம் நேரத்தோடு தேநீர் அருந்தும் பொருட்டு மழையில் நிற்கும் ஒருவன் தன் கடமையை விடவேண்டும் என்று கேட்டது. முன்னது மானம்; பின்னது பணத்தின் செருக்கு.

அவர் கடமையின் பொருளும் பின்னரே விளங்கிற்று. மறுநாள் கைப்பேசிக்கு ஒலியலை கிடைத்தபொழுது மருமகன் ஒரு பழைய செய்தியைப் படித்துக் காட்டினான். 2013 செப்டம்பரில், அதே மலைவழியில், டயானா நீர்வீழ்ச்சியருகே மலை சரிந்தது. நம்மைப் போலவே வீட்டு வண்டியிற் சென்ற இளம் பிரயாணிகள் இருவர் வண்டியோடு அடித்துச் செல்லப்பட்டு உயிர்நீத்தனர். அதன்பின் ஓராண்டுக்கு மேல் அப்பகுதியை இரவில் மூடிவைத்தே சாலையைக் காத்தனர். அச்செய்தியைக் கேட்டு வண்டிக்குள் எவரும் பேசவில்லை. உமக்கு யார் அதிகாரம் தந்தார் என்று நாம் கேட்ட கேள்விக்கு அதுவே விடை. நம் உயிரைக் காத்து நின்றவரை, நம் பொழுதைத் திருடியவர் என்று நாம் ஏசியிருந்தோம். திரும்பிச் சென்று மன்னிப்புக் கேட்க நினைத்தோம், அவ்வழியே திரும்பவில்லை. ஆதலின் அக்கடன் தீராமலே இருக்கிறது. காலணியின்றி ஓடிவந்த முதியவருக்கும் அவ்வாறே கடன்பட்டிருக்கிறோம். அவர்கள் இருவர் பெயரும் நமக்குத் தெரியா.

எஞ்சிய நாட்களில் வண்டி செம்மையாகவே ஓடிற்று. பெட்டியை நாள்தோறும் முறைவைத்து எடுத்தோம். முதல் முறை நம்முடையது. எவரும் முகமலர்ச்சி காட்ட வேண்டுமென்று கட்டளையில்லை. சண்டையும் இல்லை.

அன்பர்களே, வீட்டு வண்டியில் ஏறும் வாய்ப்பு எல்லார்க்கும் கிட்டாது, கிட்டாமையால் குறையுமில்லை. நாம் வசிக்கும் அடுக்கு வீட்டிலும் அதே குழாயும் அதே கழிவும் இருக்கின்றன. விடியற்காலையில் நம் குப்பையை எடுக்க ஒருவர் வருகிறார். அவர் இன்று தமிழராக இருக்கலாம், வங்காளதேசத்திலிருந்தோ நேப்பாளத்திலிருந்தோ வந்தவராகவும் இருக்கலாம். ஒரு தலைமுறைக்கு முன் அந்த இடத்தில் நின்றவர் நம் பாட்டனார் என்பதை நாம் விரைவில் மறந்துவிட்டோம். விடுதலை என்பது எவர் கையும் வேண்டாத நிலையன்று என்று இப்பொழுது எண்ணுகிறோம். எவர் எவர் கையால் வாழ்கிறோம் என்றறிந்து, நம் பங்குச் சுமையை நாமே எடுத்து, இரவல் கோடரியைக் கூர்மையாக்கித் திருப்பிக் கொடுக்கும் வாழ்வே அப்பெயருக்கு உரியது. நாம் ஊர் திரும்பிய மறுநாள் காலையில், குப்பை வண்டி வரும் ஓசை கேட்டு அன்னையார் கதவைத் திறந்துகொண்டு கீழே சென்றார். சிறிது நேரத்தில் வந்து, வந்தவரின் பெயரை நம்மிடம் சொன்னார்.